இரண்டாம் கியரில் நாலு வீதி

தில்லைநாதன் ஐயா முதன்முதலில் என் கடைக்கு வந்தது 2009-ஆம் வருடம், பொங்கல் கழிந்த மறுவாரம். கடலூர் நெல்லிக்குப்பம் ரோட்டில் எனக்கு ஒரு சீட்டு கவர் கடை இருக்கிறது. லாரி சீட்டு, வேன் சீட்டு, ஆட்டோ டாப்பு, பைக் சீட்டு எல்லாம் செய்வோம். வெட்டுவதும் ஒட்டுவதும் நான். மிஷினில் தைப்பது என் மனைவி சின்னம்மாள். பொங்கலுக்குக் கழுவிப் பொட்டு வைத்த கரும்பு டிராக்டர்கள் அந்த வாரம் வரிசையாக வந்து நிற்கும். மாலை வாடுவதற்கு முன்பே சீட்டு கிழிந்துவிட்டது என்பார்கள். அந்த நெருக்கடியில் ஒரு பழைய பியட் கார் ஓரமாக வந்து நின்றது.

எழுபத்து நாலாம் வருடத்து வண்டி. பாலாடை நிறம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் தண்டு இருக்குமே, அந்த மாதிரி. இறங்கியவருக்கு அறுபத்தாறு, அறுபத்தேழு வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றி நிறைய விபூதி. காரை விட்டு இறங்கினால் யாரும் கதவை அடித்துத்தான் சாத்துவார்கள். இவர் கதவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போய், கடைசியில் இடுப்பால் மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார். தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இருந்தது.

“டேஷ்போர்டு வேல பாப்பீங்களா தம்பி?” என்றார்.

“நம்ம வேல சீட்டுதாங்க ஐயா. காட்டுங்க, பாக்கறேன்.”

மிஷினில் இருந்த சின்னம்மாள் தலையைத் தூக்கினாள். “ஆரம்பிச்சாச்சா? எங்க மாமா வாயில முடியாதுங்கற வார்த்த மட்டும் வராதுங்க. அத நான்தான் வந்து சொல்லணும்.”

“நீங்க சொல்லிடாதீங்கம்மா” என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை இரண்டும் கும்பிடுவதுபோல் மேலே வந்துவிட்டன.

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல் நீளமாக ஒரு மெத்தை இருக்கும். அதைப் பேடு என்போம். உள்ளே ஃபோம், மேலே கறுப்புத் தோல். வெயிலில் நின்று நின்று அந்தத் தோல் காய்ந்து, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக்கு நேராக ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஓரங்கள் பொரித்த அப்பளம்போல மேலே சுருண்டு, தகரமாக இறுகிப் போயிருந்தன. மேலே ஒட்டிய டேப்பு பாதி கழன்று, பிசுபிசுவென்று தூசி பிடித்துக் கிடந்தது. நடுவில் சின்னதாக ஒரு நடராஜர் சிலை.

நான் வெடிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அதுல வெரல வெக்காதீங்க! என் சம்சாரம் வெரல தின்ன பேடு அது.”

ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் எடைமேடையில் வேலை பார்த்தவர். கரும்பு வண்டி மேடையில் ஏறினால் முள் நிற்கும் முன்பே எடையைச் சொல்லிவிடுவாராம். என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க அறுபத்தி மூணு கிலோ. வீட்டம்மா எடைய நான் சொல்ல மாட்டேன், கத்திரிக்கோல் அவுங்க கையில இருக்குது” என்றார். மூன்று நாளைக்கு முன்தான் ஆஸ்பத்திரியில் எடை பார்த்திருந்தேன். அறுபத்து மூன்றேதான்.

ஆலையில் இருந்த ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனபோது அவரிடமிருந்து வாங்கிய கார் அது. வாங்கிய நாளிலிருந்து முன்சீட்டு மனைவி தங்கம்மாளுடையது. சொந்தக்காரர் யாராவது ஏறினாலும் அந்த அம்மா பின்னால் போக மாட்டார். “பின்னால உக்காந்தா நான் சவாரி. முன்னால உக்காந்தாதான் பொண்டாட்டி” என்பாராம். ஒரே மகன் எழிலன் பூனாவில் வேலைக்குப் போய்விட்டான். ஐயா ரிட்டயர் ஆனதும் இருவரும் சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பக்கத்தில் வீடு பிடித்துக்கொண்டு போனார்கள். தங்கம்மாளுக்குக் கோயில் மணி காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

“முப்பத்திரண்டு வருஷம் சக்கரை ஆலையில நின்னவன் நான். சக்கரை வந்தது அவளுக்கு” என்றார்.

முதலில் கண் மங்கியது. அப்புறம் பாதம் மரத்துப் போனது. கோயில் கல்தரையில் நடந்தபோது காலில் எதுவோ குத்தி, குத்தியதே தெரியாமல் சீழ் வைத்துவிட்டது. இனிமேல் வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செருப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் எப்படிப் போவது? அதனால் தினமும் சாயங்காலம் காரில் நாலு வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றுவது என்று வைத்துக்கொண்டார்கள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஒவ்வொரு கோபுரத்துக்கும் நேராக வரும்போது ஐயா பேர் சொல்லுவார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடியும் வலது கையைப் பேடின்மேல் ஊன்றிக்கொள்வார். அந்தக் காலத்துக் காருக்கு பெல்ட்டு கிடையாது. திருப்பத்தில் சாயாமல் இருக்க அந்தப் பேடுதான் அவருக்குப் பிடி. ஆறு வருடமாக, தேரோட்டத்து நாள்கள் தவிர ஒரு நாள்கூட விட்டதில்லை.

போன கார்த்திகையில் ஒரு நாள் சுற்றிவிட்டு வீட்டில் இறங்கும்போது அம்மாவின் புடவையில் ரத்தம். வெடிப்பின் ஓரம் மோதிர விரலைக் கிழித்திருக்கிறது.

“கிழிச்சதே அவளுக்குத் தெரியல தம்பி. அப்படியே நாலு வீதியும் சுத்திட்டு வந்திருக்கறா.”

சர்க்கரை உடம்பில் புண் ஆறவில்லை. கடைசியில் விரல் நுனியை எடுத்துவிட்டார்கள்.

“இந்த வெடிப்பு போகாம அவள வண்டியில ஏத்த மாட்டேன்னு நடராஜர் மேல சத்தியம் பண்ணிட்டேன். புது வண்டி வாங்குப்பாங்கறான் பையன். புது வண்டியில அவளுக்கு எது எங்க இருக்குதுன்னு என்னா தெரியும்? இதுல கண்ண மூடிக்கிட்டே கதவத் தொறப்பா. இப்ப சாயங்காலம் ஆனா பொடவ மாத்திக்கிட்டு வாசக்கதவாண்ட சேர் போட்டு உக்காந்துக்கறா. போலாமான்னு ஒரு வார்த்த கேக்கறதில்ல. உக்காந்துக்கறா, அவ்வளவுதான்.”

சின்னம்மாள் எப்போதோ மிஷினை நிறுத்தியிருந்தாள். அவளும் முடியாது என்று சொல்லவில்லை.

கிழித்ததே தெரியவில்லை என்று அவர் சொன்னதை நான் அன்றைக்கு மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. வலிக்காமல் இருந்திருக்கிறது, அந்த மட்டில் ஆண்டவர் இரக்கம் வைத்தார் என்றுதான் நினைத்தேன்.

எழுந்து போகும்போது சொன்னார்: “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் தம்பி. அவ கை வெக்கிற எடத்துல வெடிப்பு இருக்கக் கூடாது. ஒரு தையல் கூட இருக்கக் கூடாது. கொழந்த கன்னம் மாதிரி இருக்கணும்.”

“ஆயிடும் ஐயா” என்றேன்.

ஆகவில்லை. உப்புத்தாள் போட்டு ஓரங்களைத் தேய்த்து, வெடிப்புக்குள் ரப்பர் தூளையும் சொல்யூஷனையும் குழைத்து அடைத்து, மேலே கறுப்புப் பூசிக் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் ஐயா வண்டியோடு வந்து நின்றார். நான் அடைத்த இடம் அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் புதிதாகப் பிளந்திருந்தது.

“ரெண்டு குட்டி போட்டிருக்குது தம்பி” என்றார்.

அடுத்து, வெடிக்காத பழைய பேடு ஒன்று கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று பாண்டிச்சேரிக்குப் போனேன். பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடம். கடைக்காரர் சிரித்தார். “ஏண்ணே, பியட்டையே காணோம், பேடுக்கு எங்க போறது?” என்றவர், நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தகரக் குவியலுக்குள் போய் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். வெடிப்பே இல்லை. மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர், “அவருக்கும் கடலூர்தானா?” என்று கேட்டார்.

ஐயாவை வரச் சொல்லி வைத்துப் பார்த்தால், நாலு விரற்கடை நீளம் குறைச்சல். சரி, ஓரத்தில் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று மெத்தையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். எலும்பு மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். என் விரலுக்குக் கீழேயே ‘டப்’ என்று ஒரு சத்தம். நானும் ஐயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விரலை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் அவர் சிதம்பரத்திலிருந்து தனியாகத்தான் வருவார். பக்கத்துச் சீட்டில் மடித்த துண்டு ஒன்று மட்டும் இருக்கும். “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பேன். “உக்காந்திருக்கா” என்பார்.

தவக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சின்னம்மாள்தான் சொன்னாள்: “பழச ஒட்டாதீங்க மாமா. அடியில இருக்கிற தகர எலும்ப மட்டும் வெச்சிக்கிட்டு எல்லாத்தையும் உரிச்சிப் போட்டுட்டுப் புதுசா மெத்த கட்டுங்க. ஒரே துண்டு ரெக்ஸின். தையலே வேணாம்.”

“ஒரே துண்டுன்னா மீட்டர் மேல இருக்கிற வளைவுல சுருங்கும்டி.”

“சுருங்காத ரெக்ஸின் பாருங்க. இத்தன நாளு முடியும் முடியும்னு சொன்ன வாய் எங்க போச்சி?”

வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஐயா பஸ்ஸில் போனார். முன்கண்ணாடியைக் கழற்றாமல் பேடு வெளியே வராது. அந்தக் கண்ணாடி உடைந்தால் வேறு கிடைக்காது. கண்ணாடி வேலைக்காரரை வரவழைத்து, பழைய ரப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டு, அங்குலம் அங்குலமாகத் தள்ளினோம். அவர் தள்ளத் தள்ள நான் ஜெபமாலை உருட்டினேன். கண்ணாடி முழுசாகக் கையில் வந்தபோது மாலையில் நாலாவது பத்து மணியை உருட்டி முடித்திருந்தேன்.

மேல்தோலைப் பிளேடால் கீறி உரித்தேன். உள்ளே இருந்த ஃபோம் மாவாகக் கொட்டியது. அதோடு வெள்ளையாக வேறொன்றும் கொட்டியது. முகர்ந்து பார்த்தால் விபூதி. வெடிப்புக்கு அடியில் குங்குமம், காய்ந்த வில்வ இலை, மல்லிகைக் காம்புகள், இரண்டு அட்சதை அரிசி. ஆறு வருடம் கும்பிட்டுவிட்டு ஊன்றிய கையிலிருந்து விழுந்தது எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்திருந்தது. குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வேதக்காரர்கள்தான். இருந்தாலும் ஒருவர் கும்பிட்ட கையிலிருந்து விழுந்தது குப்பையாகுமா? சின்னம்மாள் அதை வெள்ளைத் துணியில் முடிந்து மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

இன்னொன்றையும் பார்த்தேன். நான் அடைத்திருந்த ரப்பர் பெயர்ந்து வந்தபோது, பெரிய வெடிப்பின் இறுகிய ஓரத்துக்கு உள்பக்கம், விரல் நுழைகிற அளவில் நாலு குழிகள் வரிசையாக இருந்தன. மற்ற இடமெல்லாம் சொரசொரவென்று இருக்க, அந்த நாலும் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டு உரித்துப் போட்டேன்.

மூன்று துண்டு ரெக்ஸின் வீணாகியது. வளைவு வரும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி இழுப்பேன். அன்றைக்கு நிற்கும், மறுநாள் காலை சுருக்கம் விழுந்திருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஊசி குத்த மாட்டோம், ஆணி அடிக்க மாட்டோம். சும்மா உட்கார்ந்து அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாமல், பேடு இல்லாமல், மூஞ்சியே இல்லாத மாதிரி நின்றது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து மறுநாள், பாண்டியிலிருந்து வரவழைத்த இழுவை ரெக்ஸினை விரித்து, அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் சின்னதாக ஒரு சிலுவை போட்டேன். யாருக்கும் தெரியாது, ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும். அந்தத் துண்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை, தையல் இல்லை.

வண்டி எடுக்க வந்த ஐயா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடவினார். திரும்பவும் தடவினார்.

“கொழந்த கன்னம்” என்றார். பிறகு, “நீங்களும் வாங்க தம்பி. அவ உக்கார்றத நீங்க பாக்கணும்” என்றார்.

சின்னம்மாள் அந்த முடிச்சை என் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்வரை கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தோம், அந்த நாற்றத்தில் இருமல் வந்துவிடும். அதைத் தாண்டியதும் ஐயா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தேவாரம் முணுமுணுக்க ஆரம்பித்தார். சிதம்பரம்வரை நிறுத்தவில்லை.

வாசற்கதவருகே சேரில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அரக்குப் புடவை, தலையில் கொஞ்சம் பூ. எங்கள் பக்கம் பார்த்தாலும் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பார்வை நின்றது.

“நீங்கதான் தேவசகாயமா? மூணு மாசமா இவுரு வாயில உங்க பேருதான். எனக்கே பொறாமையா இருந்துது” என்றார்.

முடிச்சைக் கையில் கொடுத்து, பேடுக்குள் இருந்தது என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அப்ப சாமியும் உள்ள மாட்டிக்கிட்டுதான் இருந்தாரா?” என்று சிரித்தார்.

ஐயா அவரைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்கார வைத்தார். வலது கையை எடுத்துப் பேடின்மேல் வைத்தார். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மூன்றரை விரல், கறுப்பு ரெக்ஸின்மேல் வெளுத்துத் தெரிந்தது.

“எப்படி இருக்குது தங்கம்?”

“நல்லா இருக்குது” என்றார். யோசிக்காமல், உடனே சொன்னார். அது எங்கள் இருவருக்காகச் சொன்னது என்று இப்போது தெரிகிறது.

வண்டி வடக்கு வீதியிலிருந்து கீழ வீதிக்குத் திரும்பியது. ஐயா, “கீழ கோபுரம்” என்றார். ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறார். அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு வலது கையை இறக்கினார். அந்தக் கை பேடுக்கு முன்னால் காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பேடின்மேல் விழுந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தது. எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. புதுசல்லவா, தடவிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஐயா சட்டென்று ஒடித்தார். அம்மாவின் கை எண்ணெய் தடவிய பலகைமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. உடம்பு மொத்தமும் இடது பக்கம் சாய்ந்து, தலை கதவுக் கண்ணாடியில் ‘டம்’ என்று மோதியது.

வண்டி நின்றது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. போங்க” என்றார் அம்மா.

“கைய ஊனிக்கலையா தங்கம்?”

“ஊனிக்கிட்டுதான் இருக்கறேன்னு நெனச்சேன்.” என்றார் அம்மா. “கை எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியலங்க.”

“எத்தினி நாளா?”

“அது ஆச்சு ரெண்டு வருஷம். காலு மாதிரியேதான் கையும். சொன்னா நீங்க வண்டிய எடுக்க மாட்டீங்க, அதான் சொல்லல. பழசுல ஒரு வெடிப்பு இருந்துது பாருங்க, அதுல வெரல வுட்டுக்குவேன். உள்ள போயி மாட்டிக்கும். இழுத்தா வராது. வரலன்னா கை அங்கதான் இருக்குதுன்னு அர்த்தம்.” அப்புறம் என் பக்கமாகத் தலையைத் திருப்பினார். “தம்பி ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. எங்கியும் மாட்ட மாட்டேங்குது.”

அந்த நாலு குழியும் என் கண்முன் வந்து நின்றன. கிழித்ததும் அதுதான், பிடித்து நிறுத்தியதும் அதுதான். நான் பிளேடு போட்டு உரித்து, தெருக்கோடிக் குப்பையில் கொண்டுபோய்ப் போட்டவன்.

ஐயா வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “அம்மா, பஸ்ஸுல இருக்கிற மாதிரி ஒரு கைப்பிடி வெச்சித் தர்றேன். நாளைக்கே செஞ்சிடலாம்” என்றேன்.

“வெரலு மடங்கினாதான தம்பி பிடிக்கறதுக்கு?” கையைத் தூக்கிக் காட்டினார். பாதிக்குமேல் மூடவில்லை.

“இல்லன்னா மெத்த மேல தடியா ஒரு கயிறு வெச்சி ரெக்ஸின் சுத்தி மேடு கட்டறேன்.”

“மேடுன்னு தெரியணுமே.”

“பெல்ட்டு?”

“மூட்ட கட்டி ஏத்திக்கிட்டுப் போறதுக்கு நான் என்னா கரும்பா?” என்று சிரித்தவர், என் குரலில் என்ன கேட்டதோ, சிரிப்பை விட்டுவிட்டார். “வேணாம் தம்பி. திரும்பத் திரும்பப் பிரிக்காதீங்க. அது நல்லா இருக்குது, இருக்கட்டும். ஏங்க, வீட்டுக்குப் போயிடலாங்க.”

ஐயா தலையைத் தூக்கினார். “இன்னும் மூணு கோபுரம் பாக்கி இருக்குது” என்றார்.

வண்டியைக் கிளப்பினார். முதல் கியர் போட்டார், இரண்டாவது போட்டார். மூன்றாவது கியருக்குப் போக வேண்டிய இடது கை தண்டை விட்டு இறங்கியது. அம்மாவின் வலது கையை எடுத்துப் பேடின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டது. அப்படியே போனார். எஞ்சின் மூச்சு வாங்கியது. வண்டி, நடக்கிறவர்களோடு நடந்தது. ஒரு மாடு குறுக்கே நின்றபோதும் அந்தக் கை எழவில்லை. கிளட்சைப் பாதி மிதித்தபடி இரண்டாம் கியரிலேயே எடுத்தார். கருகல் வாசனை பின்சீட்டுவரை வந்தது. கிளட்ச் தட்டு போய்விடும் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதற்கப்புறம் மூன்று வருடத்தில் நாலு தடவை தட்டு மாற்றினார். பேடு மட்டும் இன்றுவரை வெடிக்கவில்லை.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒட்டிக்கொண்டு வந்து கத்தினார்: “யோவ் பெருசு! வண்டியில கியரு இருக்குதா இல்லியா?”

ஐயா தலையை வெளியே நீட்டினார். “கியரு இருக்குதுப்பா. கைதான் காலியா இல்ல.”

“தெக்கு கோபுரம்” என்றார். கையை எடுத்தார். அம்மா கும்பிட்டார். இறங்கி வந்த கை காற்றில் தடுமாறும் முன்பே ஐயா பிடித்துப் பேடின்மேல் கொண்டுவந்து வைத்து அழுத்திக்கொண்டார். ஒற்றைக் கையால் அந்தக் கனத்த ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது தோள்பட்டை நடுங்கியது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஜெபம் பண்ணலாம் என்று ஜெபமாலையை எடுத்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அந்த விரல்களுக்கு உணர்ச்சியைக் கொடு என்பதா, அந்த வெடிப்பைத் திருப்பிக் கொடு என்பதா? மணி கையிலேயே இருந்தது.

மேல வீதியில் போகும்போது அம்மா கேட்டார்: “இப்ப என் கை மேல உங்க கை இருக்குதா?”

“இருக்குது.”

“எனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியுது.” கொஞ்ச தூரம் போனபின், “முன்னூறு கிராம்” என்றார்.

அம்மா சிரித்தார். “முன்ன எவ்வளவு இருந்துது?”

ஐயா, “மேல கோபுரம்” என்றார். சொல்லிவிட்டு, அம்மா கும்பிடுவதற்காகத் தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.